பின்னால் கட்டிய கைகள்

முதல் மூன்று வருசம் அவரை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பிறகு நான் எழுதப்போகிற நல்லதையெல்லாம் வாசித்துவிட்டு, இந்த ஆள் எடுத்த எடுப்பிலேயே எவரையும் புகழ்கிற ஆள்போல என்று நினைத்துவிடுவீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

கண்டாவளைப் பக்கத்தில் எங்கள் சந்தி. தெருவுக்கு இந்தப் பக்கம் என் கடை: போட்டோக் கொப்பி, அடையாள அட்டைக்குப் படம், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புதல். தெருவுக்கு அந்தப் பக்கம் பிரதேச சபையின் சின்ன நூலகம். அதற்கு நூலகராக அவர் வந்தபோது முப்பத்தைந்து வயதிருக்கும். கிளிநொச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு கையில் கறுப்புக் குடை, மற்றக் கையில் சாப்பாட்டுப் பை. சின்னவர்களுக்கு அவர் லைப்ரரி அக்கா, பெரியவர்களுக்கு லைப்ரரி மிஸ். நான் என் கடைக்குள் அவருக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

அவர் வருவதற்கு முன்னால் அந்த நூலகத்தில் நாலு கிழவர்கள் பேப்பர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். யாரோ கொடுத்த இரண்டு கணினிகள் பூப்போட்ட துணியால் மூடி, அம்மன் கோவில் விக்கிரகம் மாதிரித் திரைக்குப் பின்னால் இருந்தன. அவர் வந்த கிழமையே அந்தத் துணியைக் கழற்றித் தோய்த்து யன்னலுக்குப் போட்டுவிட்டார். பிரச்சினை அன்றைக்கே தொடங்கிவிட்டது. என் பிழைப்பும் கணினிதானே.

அவருக்கு ஒரு பழக்கம். யாராவது கணினிக்கு முன்னால் இருந்தால், எழும்பி வந்து அவர்களுடைய கதிரைக்குப் பின்னால் நிற்பார். நின்றதும் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிறவர் தடுமாறினாலும் வேர்த்தாலும் ஏசினாலும் அந்தக் கை முன்னால் வராது. விசையை அழுத்த வேண்டிய இடத்தில் வாய் மட்டும் சொல்லும்: "நீங்களே அமத்துங்கோ. பிழைச்சால் திரும்பச் செய்வம்."

கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஒருநாள் நூலகத்திலிருந்து நேரே என் கடைக்கு வந்து வாங்கில் தொப்பென்று இருந்தார். சேட்டு நனைந்திருந்தது. விதைப்புக்கு முதல் மழை எப்படி என்று பார்க்கப் போனவர்.

"தம்பி, உந்தப் பிள்ளைக்கு என்ன, கை முடமே?" என்றார். "மழை எப்ப எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும் எண்டன். வாங்கோ ஐயா, இருங்கோ, நீங்களே பாக்கலாம் எண்டுது. எனக்கு உது தெரியாது பிள்ளை எண்டன். தெரியாததாலைதான் இருக்கச் சொல்லுறன் எண்டுது. தானே ஒரு அமத்து அமத்தினால் முடிஞ்சுதெல்லே? என்னை ஒரு மணித்தியாலம் வேர்க்க வைச்சிட்டுது."

எனக்கு உள்ளுக்குள் தேன் பாய்ந்தது. "அரசாங்கச் சம்பளம் எல்லோ ஐயா, கை நோகும்" என்று சொல்லி ஒரு பிளேன்ரீயும் எடுப்பித்துக் கொடுத்தேன். ஆனால் அடுத்த கிழமை அதே மனிதர் புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, என் கடைப் பக்கம் திரும்பியும் பாராமல், நேரே அங்கே போனார். அந்த மாரிக்கு எங்கள் பகுதியில் மழை எப்போது என்று கோவில் வாசலில் நின்று சொல்லுகிற ஆள் அவர்தான். கேட்டால், "நானே பாத்தனான்" என்பார். அந்த 'நானே' எனக்குக் காதில் குத்தும்.

புத்தக விசயத்திலும் அவர் அப்படித்தான். நல்ல கதைப்புத்தகம் ஒன்று தாங்கோ என்று யாரும் கேட்டால், மூன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். "மூண்டிலையும் பத்துப் பக்கம் வாசியுங்கோ. பிறகு எது நல்லது எண்டு நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ." இதை எனக்குச் சொன்னது என் மனைவி. ஒருநாள் அலுமாரியில் எதையோ தேடும்போது சீலைகளுக்கு அடியில் நூலக முத்திரை குத்திய புத்தகம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஒரு வருசமாக எனக்குக் கள்ளமாகத் தெருவைக் கடந்து போய் வந்திருக்கிறாள்!

புத்தகத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடங்கள் இல்லை, வெள்ள அபாயம் என்று எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் உடனே ஊருக்கெல்லாம் அனுப்பினேன். மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "உதை முதல் போட்டது ஆர்? திகதியைப் பாத்தியளோ?" என்று கேட்டாள். பார்த்தால் போன வருசத்துச் செய்தி. என் மூக்கு உடைந்தது. "உதெல்லாம் ஆர் பழக்கினது?" என்று கேட்டேன். சீலை அலுமாரிப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். பதில் எனக்குத் தெரிந்ததுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் கை வேகம் ஊரறிந்தது. வயல் வேலையை விட்டுவிட்டு அவசரமாக வருகிற ஆளை நான் காக்க வைப்பதில்லை. அடையாள அட்டையைத் தந்தால் போதும். அவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் விண்ணப்பம் போய்விடும். இணையத்தில் எதை நிரப்பினாலும் மின்னஞ்சல் கேட்கும். எங்கள் ஆட்களுக்கு அது எங்கே இருக்கிறது? ஆகவே எல்லோருக்கும் என் கடை மின்னஞ்சலையே போட்டேன். போன் நம்பரும் என்னுடைய இன்னொரு சிம்தான். பிறப்புப் பதிவு, வேலை விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஊருக்கு ஒரே வாசல். பதில் வந்தால் நான் கூப்பிட்டுச் சொல்லுவேன். தபால்காரரைவிட எனக்கு மதிப்பு. கடவுச்சொல் என்ன என்று எனக்கே ஞாபகம் இல்லை, அது கணினிக்குத் தெரியும்.

ஒருநாள் அவர் போட்டோக் கொப்பி எடுக்க என் கடைக்கு வந்தார். நான் அடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணை, இந்த ஆக்களின்ரை ஈமெயில் எல்லாம் உங்களிட்டையோ?"

"ஓம். என்ன இப்ப?"

"அவையளுக்கு ஒவ்வொண்டு திறந்து குடுக்கலாமே. பத்து நிமிசம்தான்."

"ஏன், நான் என்ன பிழை விடுற ஆளோ? இத்தினை வருசத்திலை ஒரு ஆள் வந்து குறை சொல்லியிருக்கோ?" சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் கோபிக்கவில்லை. கொப்பித் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்கள் பிழை விட்டனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. சண்டை முடிஞ்சு முகாமிலை இருக்கேக்கை எங்கடை அம்மாவுக்கு ஒருத்தர் போம் நிரப்பித் தந்தவர். தம்பியைக் காணேல்லை எண்டு பதியிற போம். நல்ல மனிசன், வடிவான கையெழுத்து. நெடுக வரிசை நிக்குது, அவர் கெதியாக் கெதியா எழுதினவர். அம்மா வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டா. நானும் பக்கத்திலை நிண்டனான், வாசிக்கேல்லை. தம்பி பிறந்த வருசம் பிழை. இண்டைக்கும் எந்தக் கந்தோருக்குப் போனாலும், பதிவிலை இருக்கிற ஆள் உங்கடை தம்பி இல்லை எண்டுதான் சொல்லுகினம்."

அன்றைக்குக் கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் ஒன்றையும் மாற்றவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

அடுத்த மாரியில் வெள்ளம் கடைக்குள் வந்தது. முழங்காலளவு தண்ணீர். கணினி போய்விட்டது. போனும் நனைந்து செத்தது. அந்தக் கோதாரி விழுந்த போனை சிம்மோடேயே குப்பையில் எறிந்தேன். புது நம்பர் எடுத்தேன், பழைய கணினி ஒன்று வாங்கினேன். அதில் மின்னஞ்சலைத் திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்டது. தெரியாது என்றேன். பழைய நம்பருக்கு இலக்கம் அனுப்புகிறேன் என்றது. பழைய நம்பர் குப்பையில். சரி, போகட்டும் என்று புது மின்னஞ்சல் ஒன்று திறந்துகொண்டேன். ஊர் முழுக்கப் போய் வந்த வாசல் பூட்டிக் கிடக்கிறது என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் மதிப்பு என்ன ஆவது?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை பத்து மணிக்கு தர்சிகா கடைக்கு வந்தாள். வாய்க்கால் கரையில் இருக்கிற பாலன் அண்ணையின் மகள். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. அவளுடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பியது நான்.

"மாமா, எனக்கு ஒண்டும் வரேல்லையோ? என்னோடை படிச்ச பிள்ளைக்கு எப்பவோ வந்திட்டுதாம். எனக்கும் விவசாய பீடம் கிடைச்சிருக்கு, பேர் கிடக்கு எண்டு அவள் சொல்லுறாள். இண்டைக்குப் பின்னேரம் நாலு மணியோடை பதிவு முடியுதாம் மாமா. பதியாட்டில் இடம் வேற ஆளுக்குப் போயிடுமாம்."

அந்த வீட்டில் பள்ளிக்கூடப் படியையே ஒழுங்காக ஏறாத தகப்பன். மூன்று இடப்பெயர்வு கண்ட குடும்பம். அந்தப் பிள்ளையின் இடம் என் குப்பைத் தொட்டியில் கிடந்தது. என்ன செய்வது? பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக, நூலகத்துக்குத் தெருவைக் கடந்தேன்.

நூலகத்தில் அவருக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். 'நான் அண்டைக்கே சொன்னனான்' என்று ஒரு சொல் சொல்லுவார், வாங்கிக்கட்ட வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார்.

"அந்தச் சிம் ஆற்றை பேரிலை?"

"என்ரை பேரிலை."

"அடையாள அட்டை கையிலை இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப அதே நம்பரைத் திரும்ப எடுக்கலாம். கிளிநொச்சிக்கு ஓடுங்கோ அண்ணை. பிள்ளை இஞ்சை மற்ற அலுவலைப் பாக்கட்டும்."

மோட்டார் சைக்கிளில் எப்படிப் போனேன் என்று தெரியாது. போன் கம்பனிக் கடையில் வரிசை. என் முறை வர ஒரு மணி. சிம் கையில் கிடைத்தும் உயிர் வரவில்லை, கொஞ்சம் செல்லும் என்றார்கள். திரும்பி வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அதற்குள் தர்சிகா தன் சான்றிதழ்களை எல்லாம் தன் கையாலேயே ஸ்கான் பண்ணி வைத்திருந்தாள். பாலன் அண்ணை வயலிலிருந்து அப்படியே வந்து, கால் சேறு என்று உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

மூன்றேகாலுக்கு சிம்முக்கு உயிர் வந்தது. இலக்கம் வந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. "தள்ளு பிள்ளை, நான் அடிக்கிறன்" என்று கையை நீட்டினேன்.

"அண்ணை!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

"கையைப் பின்னாலை கட்டுங்கோ."

"மிஸ், நேரம் போகுது!"

"நேரம் இருக்கு. படிக்கப் போறது அவா. அவாவே அமத்தட்டும்."

நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். வேறு என்ன செய்ய? தர்சிகா இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். இலக்கத்தை அடித்து முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. பிள்ளை அழத் தொடங்கினாள். "பிழைச்சால் திரும்பச் செய்வம்" என்றார் அவர், மழை எப்போது என்று பார்க்கிற மாதிரி. திரும்ப இலக்கம் வந்தது. திரும்ப அடித்தாள். மின்னஞ்சல் திறந்தது, அதற்குள் கிடந்த கடிதத்தை அமத்தப் பதிவுப் பக்கமும் திறந்தது. அதில் அவளுடைய விபரங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே 'உறுதிப்படுத்து' என்று ஒரு பொத்தான். மூன்று முப்பத்தைந்து. அமத்து, அமத்து என்று எனக்கு நெஞ்சுக்குள் அடித்தது.

அவள் அமத்தவில்லை. வாசித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, இதிலை என்ரை பிறந்த மாதம் பிழை."

அதை அடித்தது நான். பாலன் அண்ணை வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அடித்து முடித்த அதே விண்ணப்பம். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு உறுதிப்படுத்தி அனுப்பியிருப்பேன். மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கப் பயந்து பார்வையைத் தாழ்த்தியபோதுதான் அவருடைய கைகளைக் கண்டேன். நான் ஒரு அடி பின்னால் நின்றதால் கண்டேன். வலது கையின் நகங்கள் இடது மணிக்கட்டில் இறங்கியிருந்தன. விரல்கள் வெளிறிப்போயிருந்தன. முன்னால் வரத் துடித்த கையை அவர் பிடித்து வைத்திருந்தார். கை நோகும் என்று நான் பகிடி பண்ணிய கை.

"திருத்துறதுக்கு எங்கை இருக்கு எண்டு பாரும் அம்மா" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அவள் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினாள். பிறப்புச் சான்றிதழோடு ஒருதரம் ஒப்பிட்டாள். பிறகு அமத்தினாள். பதிவு நிறைவு என்று வந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

பாலன் அண்ணை சேற்றுக் காலோடு உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். "தம்பி, நீர்தான் காலமை துடக்கம் ஓடித் திரிஞ்சனீர். பெரிய உபகாரம் செய்தனீர்" என்றார். நான் லைப்ரரி மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டியபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதையும் நீயே அமத்து என்பதுபோல் இருந்தது.

"அண்ணை, பிழை முழுக்க என்ரை" என்றேன். சிம்மை எறிந்ததிலிருந்து மாதம் பிழைத்தது வரைக்கும் சொன்னேன். பாலன் அண்ணை என் கையை விட்டுவிட்டு, திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அது ஒரு மாரி காலம் மாதிரிப் போனது. பிறகு, "சரி, இப்ப சரிவந்திட்டுதுதானே" என்றார். தர்சிகா அதற்குள் தனக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் நூலகத்துக்குப் போனேன். என் மின்னஞ்சலுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, அவரவருக்கென்று ஒன்று திறக்க வைத்தோம். கடவுச்சொல்லை அவரவரே தங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவர் ஒரு கதிரைக்குப் பின்னால், நான் மற்றக் கதிரைக்குப் பின்னால். "கடைக்காரரையும் கை கட்ட வைச்சிட்டா" என்று செயலாளர் ஐயா சந்தியெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். என் கடையும் படுத்துவிடவில்லை. இப்போதும் ஆட்கள் வருகிறார்கள், கணினியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள், நான் பின்னால் நிற்கிறேன். எனக்கு யாரும் இவ்வளவு பெரிய உதவி செய்ததில்லை. அதை அவருக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏசுவதென்றால் வரும்.

போன வருசம் அவருக்கு மாற்றம் வந்தது. முல்லைத்தீவுப் பக்கம், வற்றாப்பளைக்குக் கிட்ட ஒரு நூலகம். கடைசி நாள் மத்தியானம், நூலகப் பூட்டின் திறப்பை ஒப்படைத்துவிட்டு, குடையோடும் ஒரு பழைய பைலோடும் என் கடைக்கு வந்தார்.

"அண்ணை, ஒரு போம் அடிச்சுத் தருவியளோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பைலைத் திறந்தார். மேலே தம்பியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. காணாமல்போனவர்களின் பதிவில் உள்ள பிழைகளைத் திருத்த இப்போது இணையத்தில் விண்ணப்பம் எடுக்கிறார்களாம்.

"அம்மா இருக்கேக்கையே இதைச் சரிக்கட்டிப்போட வேணும். நாலுதரம் கணினிக்கு முன்னாலை இருந்திட்டன் அண்ணை. பேர் வரைக்கும் அடிக்கிறன். வருசத்துக்கு வரேக்கை கை போகுதில்லை. திரும்பவும் பிழைச்சிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. ஊரெல்லாத்தையும் அமத்தச் சொன்ன எனக்கு…" சான்றிதழை என் பக்கம் தள்ளினார். "நீங்கள் கெதியா அடிப்பியள்தானே."

இரண்டு நிமிட வேலை. என் விரல்கள் அரித்தன. அந்த மனிசிக்கு இந்த ஒன்றைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன மனிதன்? விசைப்பலகையில் கையையும் வைத்துவிட்டேன். பிறகு எடுத்தேன். கணினியை அவர் பக்கம் திருப்பினேன். கதிரையை இழுத்துப் போட்டேன். பின்னால் போய் நின்றேன்.

"நீங்களே அமத்துங்கோ மிஸ்" என்றேன். "பிழைச்சால் திரும்பச் செய்வம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. ஆனால் கதிரையில் இருந்தார். பேரை அடித்தார். வருசம் வந்தது. விரல் விசைக்கு மேலே வந்து அப்படியே நின்றது. தெருவில் அவருடைய பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அவர் திரும்பவில்லை. நானும் அசையவில்லை. ஒரு இலக்கம். இன்னொன்று. நாலும் வந்ததும் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு, இரண்டுதரம் பார்த்தார். அமத்தினார். இயந்திரத்தில் இருந்து தாள் வெளியே வந்தது. அதையும் ஒருதரம் முதலில் இருந்து வாசித்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். என் இடது மணிக்கட்டில் நாலு நகத்தின் அடையாளம் சிவந்து கிடந்தது.

"முடிஞ்சுது அண்ணை" என்றார். "இனிக் கையை விடுங்கோ."